மாவுக்கட்டும் பார்சல் கட்டும்

அந்த வீட்டில் இருவருக்குமே கட்டுவதுதான் பிழைப்பு. அவர் அரசு ஆஸ்பத்திரிகளில், பெரும்பாலும் எலும்புப் பிரிவில், முப்பத்தேழு வருஷம் மாவுக்கட்டுப் போட்டவர். அவருடைய மனைவி தபால் நிலையத்தின் பார்சல் கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, ஊரார் கட்டிக்கொண்டு வந்ததையெல்லாம் அவிழ்க்கச் சொல்லி மறுபடி கட்டவைத்தவள். "நான் கட்டிக்கிட்டதே கட்டுப் போடுறவரைத்தான். எனக்கு வேற என்ன தெரியும்?" என்று அவள் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வழக்கம்போலக் காலை ஏழு மணிக்கு முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். கழுவின கையை என்ன செய்வது என்று தெரியாமல் கூடத்தில் நிற்பார். பக்கத்து வீட்டு நாய் சைக்கிளில் அடிபட்டு வந்தபோது, அதன் கஷ்டத்தில் இவருக்கு ஒரு வேலை கிடைத்தது. முன்னங்காலில் அழகாக ஒரு கட்டுப் போட்டுவிட்டார். நாய் நொண்டுவதை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பிறகும் அதைப் பிரிக்க அவருக்கு மனசு வரவில்லை.

இப்படி ஏழு மாதம் போயிற்று. அப்புறம் ஒருநாள், எலும்புப் பிரிவில் அவரோடு நெடுநாள் வேலை பார்த்த டாக்டரம்மா போன் செய்தார். ஆறு பேர் சேர்ந்து ஒரு தொண்டுக் குழுவாக வெளிநாட்டுக்குப் போகிறார்களாம். அங்கே வருஷத்தில் எட்டு மாதம் மழை. மிச்ச நாலு மாதம் மழை வரப்போகிற புழுக்கம். அந்த ஊர்ப் பக்கம் பாதம் உள்பக்கமாகத் திரும்பிப் பிறக்கிற குழந்தைகள் நிறைய இருக்கிறார்கள், பார்க்க ஆளில்லை. அந்தப் பாதத்தை வாரம் ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, திருப்பின நிலையிலேயே நிற்கும்படி விரல் நுனியிலிருந்து தொடை வரைக்கும் மாவுக்கட்டுப் போடவேண்டும். அடுத்த வாரம் அதைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, புதுக் கட்டு. ஆறு வாரத்தில் பாதம் நேராகிவிடும், போடுகிற கை சரியாக இருந்தால்.

"அண்ணே, கத்தி பிடிக்க என்கிட்ட ஆள் இருக்கு. கட்டுப் போடத்தான் ஆள் இல்ல. வர்றீங்களா?" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். திரும்பினால், மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டு, எந்தத் தேதி என்று கேட்டாள். அந்த வீட்டில் சம்மதம் என்பது அவ்வளவுதான்.

அடுத்த ஊரில் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் மகள், சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். குழு அனுப்பிய பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினாள். சீக்கிரம் காய்கிற சட்டை நாலு. மழைக்கோட்டு. கொசுவலை. கணுக்கால் வரை மூடுகிற ரப்பர் செருப்பு. டார்ச் விளக்கு. அட்டைப்பூச்சிக்கு உப்பு. ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் இருபத்து மூன்று கிலோவுக்குள் இருக்கவேண்டும். ஒன்று சொந்தச் சாமானுக்கு, இன்னொன்று குழுவின் சாமானுக்கு. அவர் பங்குக்கு வந்திருந்தது கட்டுப் போடுகிற மாவுச் சுருள்கள், நூற்றெட்டு. மற்ற சாமானெல்லாம் இரண்டு மாதம் முன்பே கப்பலில் போய்விட்டது. இது ஒரு கைக்காவலுக்கு. மகள் ஒரு சாயங்காலத்தில் இரண்டு பெட்டிகளையும் அடுக்கி, எடை பார்த்து, பூட்டி, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, "முடிஞ்சிதுப்பா" என்றாள்.

அம்மாக்காரி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் மழை வரப்போகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை காப்பி குடித்த கையோடு, கணவரிடமிருந்து சாவியை வாங்கி, சாமான் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இப்படிக் கட்டினா போய்ச் சேரும். உருப்படியாச் சேராது" என்றாள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு சுருளையும் ஈரம் புகாத உறையில் போட்டு ஒட்டித்தான் விற்கிறார்கள் என்று மகள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்.

"ஒட்டினது பிரியாதுன்னு யாரு சொன்னா? இருபத்தெட்டு வருஷம் நான் பார்த்ததே பிரிஞ்சதைத்தான்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பெட்டியைப் பார்த்தார். மழை ஊரில் மாவு என்ன பாடுபடும் என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மகள் அப்போது பிறக்கவில்லை.

அவருக்கு முதல் வேலை கிடைத்தது ஒரு மலையூர்ச் சின்ன ஆஸ்பத்திரியில். பதினாறு படுக்கை, ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு கம்பவுண்டர், கட்டுப் போட இவர். கல்யாணம் ஆகி இருபத்திரண்டாம் நாள் இரண்டு பேரும் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு குடையோடும் அங்கே போய் இறங்கினார்கள். இறங்கும்போது பிடித்த மழை, எப்போது நின்றது என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. கொடுத்த வீடு ஓர் அறையும் ஒரு சமையல் தடுப்பும். மேலே தகரக் கூரை. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. சண்டை போடவேண்டும் என்றால்கூட மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. விடுவதற்குள் சண்டை மறந்துபோகும். அதனால்தான் எங்கள் கல்யாணம் பிழைத்தது என்று பிற்பாடு அவர் சொல்வதுண்டு.

மூன்றாம் வாரம் பெட்டியைத் திறந்தபோது, கல்யாணத் துணியெல்லாம் பூஞ்சை பூத்துக் கிடந்தது. அவருடைய தோல் செருப்பில் பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. அவள் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலியான பிஸ்கட் டின்களைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவந்து, அடியில் அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து போட்டு, துணிமணியை மடித்து உள்ளே வைத்து, மூடியின் ஓரத்தை மெழுகுவர்த்தி உருக்கி அடைத்தாள். ஒரு மாதம் கழித்துத் திறந்தால், துணி கடையில் வாங்கினதுபோல மொரமொரவென்று இருந்தது.

அந்த நாளில் மாவுச் சுருள் கடையில் வராது. மாவு மூட்டையாக வரும். இவர் வலைத்துணியைக் கிழித்து, மாவைத் தேய்த்துச் சுருட்டி வைத்துக்கொள்ளவேண்டும். மலையூர் ஈரத்தில் மூட்டையே பாதி கெட்டுப்போயிருக்கும். நனைத்துச் சுற்றினால் இறுகாது. கஞ்சி மாதிரி வழியும். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த ஒருநாள், "வறுத்துப் பார்த்தா என்ன?" என்று கேட்டாள் அவள். இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து, மெல்லிய தீயில், கைவிடாமல் கிளறினாள். மாவு மறுபடி உயிர் பெற்றது. அதிலிருந்து வாரம் இரண்டு தடவை அந்தச் சமையல் தடுப்பில் ஆஸ்பத்திரி மாவு வறுபடும்.

பக்கத்து வீட்டுக் கம்பவுண்டருக்கு எதையும் கேட்டு எடுக்கிற பழக்கம் கிடையாது. தங்கச்சி வீடுதானே என்று உள்ளே வந்து, உப்போ சர்க்கரையோ கையில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு போவார். ஒருநாள் வறுத்து ஆறவைத்திருந்த மாவில் இரண்டு டம்ளர் அளந்து எடுத்துப் போய், தண்ணீர் ஊற்றிப் பிசைந்தார். கால் மணி நேரத்தில் பாத்திரத்தோடு திரும்பி வந்தார். மாவு கல்லாகி, அதில் அவருடைய ஐந்து விரலின் தடமும் பதிந்திருந்தது. "தங்கச்சி, இது என்ன மாவும்மா? பிசையப் பிசையச் சுடுது" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு மழைச் சத்தம் கேட்கவில்லை. கம்பவுண்டர் அதற்கப்புறம் உப்புக்குக்கூட வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

இதையெல்லாம் மகள் பலமுறை கேட்டிருக்கிறாள். அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.

அந்த மலையூரில் இரண்டாம் வருஷம், ரம்ப மில்லில் மரம் அறுக்கிற ஒருவரின் மனைவி ஐந்து மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பாதமும் உள்ளே திரும்பியிருந்தன. டாக்டர் பார்த்துவிட்டு, வாரா வாரம் கட்டுப் போட்டால் சரியாகும் என்றார். முதல் கட்டு நன்றாக நின்றது. இரண்டாவதும் நின்றது, பாதம் திரும்பத் தொடங்கியதை அந்தத் தாய் தன் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது வாரம் மாவு தீர்ந்துபோய், அன்று காலைதான் வந்த புது மூட்டையைப் பிரித்து, வறுக்க நேரமில்லாமல், அப்படியே போட்டுவிட்டார். போகும் வழியிலேயே கட்டு நொறுங்கி விழுந்திருக்கிறது. அதோடு வைத்தியம் முடிந்துவிட்டது என்று அந்தத் தாய் நினைத்தாளோ, இவர்களை நம்பிப் பயனில்லை என்று நினைத்தாளோ, அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குடையில் ரம்ப மில்லைத் தேடிக்கொண்டு போனார்கள். இரண்டு மணி நேர நடை. மில் இருந்தது, அவர்கள் தங்கியிருந்த கொட்டகை காலியாகக் கிடந்தது. அறுக்க வேறு காடு கிடைத்ததென்று நாலு நாள் முன்பே குடும்பத்தோடு போய்விட்டார்களாம். எந்தக் காடு என்று யாருக்கும் தெரியவில்லை.  அவள் வீட்டுக்கு வந்ததும், முழு மூட்டையையும் அவிழ்த்து அடுப்பின் பக்கத்தில் கொட்டி, வறுக்கத் தொடங்கினாள்.

இப்போது, இத்தனை வருஷம் கழித்து, அவள் கூடத்துத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஒன்பது பிஸ்கட் டின்கள். எங்கே பிடித்தாளோ, யாரைக் கேட்டாளோ, இரண்டு நாளில் சேர்த்துவிட்டாள். ஒவ்வொரு டின்னிலும் பன்னிரண்டு சுருள், நடுவில் கரி முடிச்சு. அவர் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவள் அரக்கை விளக்கில் காட்டி ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தாள். அரக்கு வாசனையில் கூடம் தபால் நிலையம் மாதிரி ஆகிவிட்டது. மகள் தன் ஊருக்குத் திரும்பியிருந்தாள்.

"அந்த ரம்ப மில்லுக்காரர் பொண்ணுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?" என்று அவள் கேட்டாள், கையை நிறுத்தாமல்.

"முப்பத்தாறு முடிஞ்சு முப்பத்தேழு நடக்கும்."

கணக்குப் போடாமல் சொன்னதை அவள் கவனித்தாள். ஒரு டின் முழுக்க அரக்கு விட்டு முடித்தாள்.

"ஏதாவது ஊர்ல யாராவது சரி பண்ணியிருப்பாங்க" என்றாள்.

"பண்ணியிருப்பாங்க" என்றார் அவர்.  அவர் அடுத்த டின்னை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

டின்களைப் பெட்டிக்குள் அடுக்கின பிறகும் ஓரங்களில் இடம் மிச்சம் இருந்தது. அவள் உள்ளே போய், அவருடைய பழைய பருத்திச் சட்டை இரண்டு, வெளுத்துப்போன லுங்கி ஒன்று, ஒரு துண்டு, உள்ளாடைகள் என்று அள்ளிக்கொண்டு வந்து சந்துகளில் திணித்தாள். புதுத்துணியெல்லாம் மற்ற பெட்டியில் இருக்க, இந்தக் கந்தல் எதற்கு என்று அவர் கேட்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எடை இருபத்து இரண்டரை. பெட்டியை ஒரு தடவை குலுக்கிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. "இப்பப் போகலாம்" என்றாள்.

விமானத்திலிருந்து இறங்கியபோது அவருடைய சாமான் பெட்டி வந்தது. சொந்தப் பெட்டி வரவில்லை. மகள் இஸ்திரி போட்டு அடுக்கின சட்டை நாலும், மழைக்கோட்டும், கொசுவலையும் வேறு எந்த நாட்டுக்கோ சுற்றுலா போய்விட்டன. பதினோரு நாள் கழித்துத்தான் திரும்பின. அதுவரைக்கும் அவர் அந்தப் பழைய சட்டை இரண்டையும் மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டுக்கொண்டார். டாக்டரம்மாவின் குழுவில் இருந்த இளம் டாக்டர்களெல்லாம் அவரை எளிமையான மனிதர் என்று நினைத்து மரியாதை காட்டினார்கள். அவர் மறுக்கவில்லை.

சட்டை போனது பெரிய விஷயமில்லை. இறங்கின மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையைத் திறந்து, கப்பலில் வந்த பெட்டிகளைப் பிரித்தார்கள். துறைமுகத்தில் கீழே போட்டு உடைத்திருக்கிறார்கள், உறைகள் கிழிந்திருந்தன, இரண்டு மாத மழை உள்ளே குடியேறியிருந்தது. பாதிச் சுருள்கள் சுண்ணாம்புக் கட்டியாகக் கிடந்தன. மீதியைக் கட்டைவிரலால் அழுத்தினபோதே அவருக்கு விளங்கிவிட்டது. சந்தேகத்துக்கு ஒன்றைத் தண்ணீரில் போட்டார். நல்ல சுருள் என்றால் குமிழி கிளம்பும், இதில் வரவில்லை. வெளியே தாழ்வாரத்தில் இருபத்து நாலு தாய்மார் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் இரண்டு நாள் நடந்து வந்தவர்கள். புதுச் சரக்கு வர மூன்று வாரம் ஆகும் என்று போனில் பதில் வந்தது. டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரம்மா, என் பெட்டியைக் கொண்டாரச் சொல்லுங்க" என்றார் அவர்.

அரக்கைச் சுரண்டி முதல் டின்னைத் திறந்தபோது, ஊரில் மூடின காற்றே வெளியே வந்ததுபோல இருந்தது. ஒரு சுருளை நீரில் இறக்கினார். குமிழி குமுகுமுவென்று கிளம்பி, மெல்ல அடங்கியது. எடுத்துப் பிழிந்தார். முதல் குழந்தை தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே, அதன் பாதத்தை இடது கையில் ஏந்தி, மெல்லத் திருப்பி, பஞ்சு சுற்றி, மாவு சுற்றி, உள்ளங்கையால் வழித்துக்கொண்டே நின்றார். கட்டு கைக்குள் சூடாகத் தொடங்கியது. இறுகுகிற சூடு அது. அவர் தலையைத் தூக்காமலே, "அடுத்த குழந்தை" என்றார். அவர் மொழி தெரியாத தாய்கூடப் புரிந்துகொண்டு எழுந்து இடம் விட்டாள்.

ஒரு சுருள்கூட வீணாகாமல், சின்னப் பாதங்களுக்குச் சுருளைப் பாதியாக வெட்டி, சமாளித்துக்கொண்டே போனார். கடைசி டின்னில் ஐந்து சுருள் இருக்கும்போது புதுச் சரக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு இடையில் ஒருநாள், மத்தியான இடைவேளையில், வீட்டுக்குப் போன் செய்தார். கப்பல் சரக்கு கெட்டதையும், டின்கள் காப்பாற்றினதையும், பெட்டி தொலைந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் வைத்த பழைய சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் சொன்னார்.

"காலி இடம் விட்டா டின்னு ஆடும். அதுக்குத்தான் வெச்சேன், உங்களுக்காக இல்ல" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. தாழ்வாரத்துத் தகரத்தில் கல் கொட்டுவதுபோலச் சத்தம். என்னங்க சத்தம் என்று அவள் கேட்டது அரைகுறையாகக் காதில் விழுந்தது. அவர் போனைக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலிக்கும்வரை பிடித்திருந்தார். மழை தணிந்ததும் காதில் வைத்தால், அவள் போனை வைக்காமல் இருந்தாள்.

"நம்ம வீட்டுச் சத்தம்" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கம்பவுண்டர் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ என்று கேட்டாள். அவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் அந்தத் தெருவில் யார் யார் வீடு எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டு வந்தார்கள். ரொட்டிக்கடை ஆஸ்பத்திரிக்கு மேலேயா கீழேயா என்பதில் தகராறு வந்தது. டாக்டரம்மா வந்து கூப்பிடும்போதும் அது தீரவில்லை.

ஆறு வாரம் முடிவதற்குள் இருபத்து நாலு குழந்தைகளில் இருபத்தொன்றின் பாதம் நேராகிவிட்டது. மற்ற மூன்றுக்கும் இன்னும் சில வாரம் வேண்டும் என்று அங்கேயே இருந்த நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்தவர், மூன்று கிலோ இளைத்து, நாலு பேரிடம் பேசுகிற ஆளாக மாறியிருந்தார். பக்கத்து வீட்டு நாய்தான் அவரைக் கண்டதும் கொஞ்ச நாள் வேலியோரமாக ஒதுங்கிப் போயிற்று.

மறு வருஷம் டாக்டரம்மா போன் செய்தபோது அவரைக் கேட்கவில்லை. அண்ணியிடம் கொடுங்கள் என்றார். இந்தத் தடவை குழுவின் சாமான் முழுக்க அவள்தான் கட்டித் தரவேண்டுமாம். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, மறுநாளே பழைய தபால் நிலையத் தோழிகள் மூன்று பேரை வரவழைத்தாள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. டின்களும் கரி முடிச்சுகளும் அரக்கும். டாக்டரம்மா தன் பெட்டியோடு வந்தபோது அதையும் திறக்கச் சொல்லி, முடி உலர்த்துகிற மெஷினை வெளியே எடுத்து வைத்தாள். 

நீயும் வாயேன் என்று அவர் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தார். "நான் கவுண்டருக்கு இந்தப் பக்கமே இருந்து பழகிட்டேன். போறது பார்சல்தான், நான் இல்ல" என்று தட்டிக்கழித்தாள். ஆனால் பாஸ்போர்ட் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று மகளிடம் தனியாக விசாரித்திருக்கிறாள். மகள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். விண்ணப்பம் போட்டார்கள். அந்தப் பயணத்துக்கு அது வந்து சேரவில்லை. அதற்கடுத்த பயணத்துக்கு ஆகும் என்றார்கள்.

புறப்படுகிற அன்று காலை, கடைசிப் பெட்டியைச் சுற்றிச் சணல் கயிற்றைக் கொண்டுவந்து குறுக்கே முடிந்தாள் அவள்.

"விரலை வைங்க" என்றாள்.

அவர் குனிந்து, முடிச்சின்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டார். அவள் காலை ஊன்றி, கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்து இழுத்தாள்.